வீடும் வளவும்: வேலி சாய்ந்தால் பலகையை விடுங்கள், தூணின் அடியைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு வருஷமும் வேலிக் கடிதங்கள் வரும். இந்த முறை கொஞ்சம் அதிகம். அதனால் கூரை ஒழுக்கு, குழாய் அடைப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கம் முழுவதையும் மரவேலிக்கே விட்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் கொழும்பும் அதைச் சுற்றியும் இருக்கிறவர்கள், ஆகவே பதிலும் இந்த ஊர் மழைக்கும் மண்ணுக்கும்தான்.

கேள்வி: நான்கு வருஷத்துக்கு முன் வீட்டு முன்பக்கத்துக்கு மரவேலி போட்டோம். தேக்கு என்று சொல்லித்தான் தந்தார்கள். வருஷா வருஷம் வார்னிஷும் அடித்தோம். பலகைகள் இன்றைக்கும் புதிசாகவே இருக்கின்றன, ஆனால் போன மாத மழைக்குப் பிறகு மூன்று தூண் ஆடுகிறது, ஒன்று தெருப்பக்கம் சாய்ந்தேவிட்டது. பாஸ் வந்து பார்த்துவிட்டு முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார். உண்மைதானா? (வாசகி, வெள்ளவத்தை)

முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை அம்மா. பலகை நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் அதை எதற்குக் கழற்றவேண்டும்?

ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஆடுகிற தூணின் அடிக்குப் போங்கள். சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும், அதில் கறுப்பாக ஈரமண் படிந்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு ஸ்குரூ டிரைவர் நுனியை மரத்தில் சரிவாக வைத்து அழுத்துங்கள். நல்ல மரம் என்றால் நுனி வழுக்கும். உக்கின மரம் என்றால் சத்தமே இல்லாமல் அரை அங்குலம் உள்ளே போகும், நெம்பினால் நீள நாராகக் கிளம்பாமல் சின்னச் சின்னத் துண்டாக முறியும். அதே தூணில் ஒரு முழம் மேலே குத்திப் பாருங்கள், நுனி ஏறவே ஏறாது. ஆக, உங்கள் வேலியில் கெட்டுப்போனது ஒரு சாண் அளவுதான். அந்த ஒரு சாணுக்காக முழு வேலிக்கும் காசு கொட்டச் சொல்கிறார்கள்.

ஏன் சரியாக அந்த இடத்தில்? மரத்தை உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சணத்துக்கு அங்கே வேலையில்லை, 30 சதவீதத்தை நெருங்கினால் அதற்குக் கொண்டாட்டம். தூணின் மேற்பகுதி நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது மண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும்தான். கொழும்பில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை, யாழ்ப்பாணத்தில் அதில் பாதிதான், அதுவும் பெரும்பாலும் மாரியில் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே வைகாசியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் இடைப்பருவ மழை என்று மண் காய்வதற்கு இடமே கொடுப்பதில்லை. ஊரில் அப்பா போட்ட தூண் அத்தனை வருஷம் நின்றதே என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் அந்தச் சீமெந்து. குழி வெட்டி, தூணை இறக்கி, சுற்றிவரக் கொங்கிறீட் போட்டால் பலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் காய்கிறபோது மரம் சுருங்கும், சீமெந்து சுருங்காது, நடுவில் இடைவெளி விழும், அதற்குள் போகிற மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மரத்தூணை ஒரு வாளிக்குள் நிறுத்தி வைத்த கதைதான். கொங்கிறீட் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழியின் அடியில் அரை அடிக்குச் சல்லிக்கல் போட்டு, தூணின் நுனி சல்லியில் நிற்கிற மாதிரி வைத்து, கொங்கிறீட்டின் மேல்முகத்தைத் தரைக்கு மேலே ஒரு அங்குலம் உயர்த்தி நாலு பக்கமும் வெளிப்புறமாகச் சரித்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். இதற்கு அதிகமாகப் போகிற செலவு ஒன்றுமில்லை, பாஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும்.

இனி உங்கள் தூணுக்கு வருவோம். ஆடுகிற ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் நாலடி நீளமான சின்னக் கொங்கிறீட் தூண் ஒன்றை இரண்டடி மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு இறுகவிடுங்கள். மேலே இருக்கிற இரண்டடியோடு மரத்தூணைச் சேர்த்து, கல்வனைஸ் போல்ட் இரண்டு போட்டு முறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் மரத்தூணைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே வாளால் அறுத்து, உக்கின அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவேண்டும். கட்டையை மண்ணுக்குள் விட்டுவிடாதீர்கள், கறையானுக்குச் சோறு போட்டது மாதிரி ஆகிவிடும். அறுத்த முனையில் மரப் பாதுகாப்புத் திரவத்தை இரண்டு மூன்று தடவை ஊறவிட்டு அடியுங்கள். மரம் இனி மண்ணைத் தொடாது. மற்றத் தூண்களையும் இதே மாதிரிக் குத்திப் பார்த்துவிடுங்கள், ஆடாத தூணிலும் உக்கல் தொடங்கியிருக்கலாம்.

தேக்கு விஷயம்: பொய் சொல்லி விற்றார்கள் என்று சொல்லவரவில்லை. தேக்கிலும் நடுவில் இருக்கிற வைரம்தான் உக்காது, வெளிப்பக்கத்து வெளிறிய பகுதி வேறெந்த மட்டமான மரத்தையும் போல உக்கும். இளம் மரத்தை அறுத்தால் அந்த வெளிறு அதிகம். அறுத்த முனையைப் பார்த்தீர்கள் என்றால் பொன்னிறம் எங்கே முடிகிறது, வெளிறு எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

கேள்வி: எந்த மரம் எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரு கணக்கு எழுதுங்களேன். இணையத்தில் பார்த்தால் 25 வருஷம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். (வாசகர், வத்தளை)

அந்த 25 வருஷம் பொய்யில்லை, ஆனால் அது வேறு தேசத்து மண்ணில் கட்டை நட்டுப் பார்த்து எழுதிய அட்டவணை. அவுஸ்திரேலியாவில் மண்ணுக்குள் 25 வருஷத்துக்கு மேல் நிற்கிற மரத்தை முதலாம் வகுப்பு என்பார்கள், ஐந்து வருஷம்கூடத் தாங்காததை நாலாம் வகுப்பு என்பார்கள். வரிசை எங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். வருஷத்தை மட்டும் அப்படியே கொழும்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்மூர் மரங்களில் பாலை, முதிரை இரண்டின் வைரமும் மண்ணுக்குள் நிற்கக் கூடியது. பாலையை அந்தக் காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகவே போட்டார்கள். விலையும் அதற்கேற்ற மாதிரி, கிடைப்பதும் கஷ்டம், லொறியில் ஏற்றிவருவதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று மரக்காலையில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். முற்றின தேக்கின் வைரம் இவற்றுக்கு அடுத்தபடி. மகோகனி வேலிப் பலகைக்குச் சரி, மண்ணுக்குள் புதைக்க நான் சொல்லமாட்டேன். தென்னங்கட்டையை மண்ணுக்குள் வைத்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம், முற்றிய மரத்தின் வெளிப்பகுதி என்றால் தரைக்கு மேலே நன்றாக உழைக்கும். மருந்து ஏற்றாத இறப்பர் மரமும், பெட்டி உடைத்து எடுக்கிற பைன் பலகையும் மண்ணில் ஒன்றிரண்டு மழைக்காலம். இலவசமாகக் கிடைக்கிறது என்று அதைத் தூணாக்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மருந்து ஏற்றிய பைன் வேறு கதை. அழுத்தம் கொடுத்து உள்ளே வரை மருந்து செலுத்துகிறார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முத்திரை இருந்தால் எச்4 என்பது மண்ணுக்குள் நிற்கத் தக்கது, எச்3 தரைக்கு மேலே மட்டும். கடைக்காரர் இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்திருப்பார், நீங்கள்தான் பார்த்து எடுக்கவேண்டும். அறுத்தால் அறுத்த முகத்துக்குத் திரும்ப மருந்து பூசவேண்டும், அறுக்காத முனையைத்தான் மண்ணுக்குள் வைக்கவேண்டும். மிச்சத் துண்டுகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பச்சை நிறமாக வருகிற பழைய வகை மருந்தில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்கிறது, அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுத் தேவைக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய சிலிப்பர் கட்டை வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் ஊறின கட்டையைக் கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இவ்வளவு எழுதின பிறகும் என் அபிப்பிராயம் ஒன்றுதான். கொழும்பில் புதிதாக வேலி போடுகிறவர் தூணுக்குக் கொங்கிறீட்டையோ கல்வனைஸ் இரும்பையோ போட்டு, குறுக்குச் சட்டத்துக்கும் பலகைக்கும் மரத்தைப் போடட்டும். தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு அது மரவேலிதான். தூணுக்கும் மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கொங்கிறீட் அடித்தளத்தில் பதித்த இரும்புக் காலணியில் தூணைத் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள்.

கேள்வி: கராஜில் பழைய என்ஜின் ஒயில் சும்மா தருகிறார்கள். தூணின் அடிக்கு அதை அடித்தால் போதும் என்று பக்கத்து வீட்டு அங்கிள் சொல்கிறார். (வாசகர், கொட்டாஞ்சேனை)

அங்கிளுக்கு வணக்கம், ஆனால் வேண்டாம். பழைய ஒயில் மேலே பளபளப்பாக நிற்கும், தண்ணீரைக் கொஞ்ச நாள் தள்ளும், பூஞ்சணத்தைக் கொல்லாது. அதில் இருக்கிற உலோகத்தூளும் கரியும் மழையோடு மண்ணுக்குப் போய் அங்கிருந்து உங்கள் கிணற்றுக்கோ கானுக்கோ போகும். போதாததற்கு, பின்னாளில் நல்ல மருந்து எதையாவது அடிக்க நினைத்தால் ஒயில் ஊறின மரம் அதை ஏற்காது. தார் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றாக உலர்ந்த மரத்துக்குத் தார் பரவாயில்லை, ஆனால் நம்மவர்கள் பச்சை மரத்துக்குப் பூசிவிடுகிறார்கள், உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே அடைபட்டு அங்கிருந்தே உக்கத் தொடங்கும்.

ஹாட்வெயார் கடையில் சொலிக்னம் மாதிரி மரப் பாதுகாப்புத் திரவங்கள் கிடைக்கும். தூரிகையால் அடித்தால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் இறங்கும். அதைவிட, நடுவதற்கு முன் தூணின் அடிப்பகுதியை ஒரு பழைய பீப்பாயில் திரவம் ஊற்றி ஓரிரண்டு நாள் ஊறவைப்பது எவ்வளவோ மேல். கையுறை போடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

கேள்வி: கடலுக்குக் கிட்டத்தான் வீடு. வேலி முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது, ஆணியிலிருந்து கறுப்புக் கோடு வடிகிறது. உக்குகிறதா? எதை அடிக்கலாம்? (வாசகி, தெஹிவளை)

சாம்பல் நிறம் வெயில் செய்கிற வேலை. மேற்பரப்பில் மரநாரை ஒட்டிப்பிடித்து வைத்திருக்கிற லிக்னின் என்ற பொருள் உடைந்து மழையில் கழுவுப்பட்டுப் போகிறது, அவ்வளவுதான். குளிர்தேசத்துப் பைன் வகைகளில் அளந்து பார்த்தவர்கள் நூறு வருஷத்துக்கு ஏறக்குறைய கால் அங்குலம் தேயும் என்கிறார்கள், இங்கே வேகமாகத் தேய்ந்தாலும் நம் ஆயுசுக்குள் அது வேலியை விழுத்தாது. அந்த நிறம் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆணிதான் உங்கள் பிரச்சினை. சாதாரண இரும்பாணி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், தேக்கு மாதிரி மரங்களில் இரும்பு பட்டால் கறுப்புக் கறையும் விழும். ஆணி தின்னப்பட்டுப் போனால் பலகை நன்றாக இருந்தும் கழன்று தொங்கும். கடல்பக்கத்தில் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூ போடுங்கள், விலை கூடத்தான், பலகையைவிட அது முக்கியம். கையில் காசு குறைவென்றால் தடிப்பாகக் கல்வனைஸ் பண்ணினது, அதுவும் முடியாதென்றால் கடைசியில் சாதாரண ஆணி.

பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம். அது மேலே தோலாக நிற்கும், ஒரு வெடிப்பு விட்டதும் தண்ணீர் அடியில் புகுந்து தோலை உரிக்கும், பிறகு முழுவதையும் உரசி எடுத்துத்தான் திரும்ப அடிக்கலாம். உள்ளே ஊறுகிற எண்ணெய்ப் பூச்சு என்றால் தூசு தட்டி, கழுவி, காயவிட்டு மேலேயே அடிக்கலாம். தை, மாசியில் மழை குறைந்த நாட்களாகப் பார்த்துச் செய்யுங்கள், வைகாசி மழைக்கு முன் முடிந்துவிடவேண்டும். பலகையின் வெட்டுமுனைக்குத்தான் இரண்டு மடங்கு அடிக்கவேண்டும், தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. ஆளிவிதை எண்ணெய் பாவித்தீர்கள் என்றால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விரித்துக் காயப்போட்டோ தண்ணீரில் நனைத்தோ அப்புறம்தான் குப்பையில் போடவேண்டும்.

கேள்வி: தூணில் மண் கோடு கோடாக ஏறியிருக்கிறது. தட்டிவிட்டால் திரும்ப வருகிறது. (வாசகர், கொலன்னாவை)

கறையான். தட்டிவிடுவது அதற்கு ஒரு நாள் வேலை கொடுக்கும், வேறொன்றுமில்லை. அந்த மண் குழாயை ஒரு இடத்தில் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். திரும்ப அடைத்திருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது, மண்ணுக்கு மருந்து போடத் தெரிந்த ஆளைக் கூப்பிடவேண்டியதுதான். வேலி வீட்டுச் சுவரைத் தொடுகிற இடத்தை முதலில் பாருங்கள். வேலி போனால் பத்துப் பலகை, கதவு நிலைக்கு ஏறினால் கதை வேறு.

கூடவே வேலியடியில் குவித்திருக்கிற சருகு, பழைய பலகை, பூச்சாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பலகையின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு அங்குலம் வெளிச்சம் தெரியவேண்டும். மல்லிகையோ போகன்விலாவோ படரவிட்டிருந்தால் அழகுதான், ஆனால் அந்தப் பக்கம் மரம் காயவே காயாது.

கேள்வி: வளவில் நிற்கிற பழைய பலாமரத்தை வெட்டித் தூண் எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். (வாசகர், நுகேகொடை)

பலாவின் மஞ்சள் வைரம் நல்ல மரம், கறையானும் அவ்வளவாகச் சீண்டாது. ஆனால் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் நினைத்தவுடன் வெட்டமுடியாது, 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கிராம சேவகரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அனுமதி எடுத்த பிறகுதான் கோடாலி. காய்க்கிற மரம் என்றால் வேலிக்காக அதை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை, ஆனால் அது உங்கள் வளவு.

கேள்வி: மூங்கில் வேலி மலிவாகத் தெரிகிறது. (வாசகி, பம்பலப்பிட்டி)

மலிவுதான். மருந்து ஏற்றாத மூங்கில் மண்ணுக்குள் ஒன்றிலிருந்து மூன்று வருஷம், அதற்குள் மாவுமாவாக உளுத்துக் கொட்டாவிட்டால். மேல் முனையைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டச் சொல்லுங்கள். கணுவுக்கு வெகு மேலே வெட்டினால் ஒவ்வொரு மூங்கிலும் ஒரு குவளையாகி மழைத்தண்ணீர் பிடிக்கும், டெங்குக் கொசு அதற்குள் முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: ஊரில் கிளுவைக் கதியால் நட்டுத்தான் வேலி அடைப்போம். கொழும்பில் அது சரிவருமா? (வாசகர், ஹெந்தளை)

இடம் இருந்தால் தாராளமாக. உயிரோடு நிற்கிற தூண் உக்காது, இதைவிடப் பெரிய சிபாரிசு என்ன வேண்டும்? மழை தொடங்குகிற நேரத்தில் கைத்தடிப் பருமனில் நாலைந்தடிக் கதியாலாக வெட்டி, அடிமுனையைச் சாய்வாக்கி, முக்கால் அடி ஒரு அடி ஆழத்தில் நெருக்கமாக நடுங்கள். மேல்கீழ் முனை மாறிவிடக்கூடாது. இங்குள்ள ஈரத்துக்குச் சீமைக்கிளுவை இன்னும் வேகமாகப் பிடிக்கும், பூவரசும் நன்றாக வரும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை வெட்டிவிடவேண்டும், வெட்டுகிற குழை தென்னைக்கும் மரக்கறிக்கும் நல்ல பசளை. பத்துப் பேர்ச் காணியில் மட்டும் இதை வைக்காதீர்கள். வேலியே ஒரு பேர்ச்சைத் தின்றுவிடும், பக்கத்து வீட்டுக் கார் மேல் குழை கொட்டுகிறது என்று சண்டையும் வரும்.

கேள்வி: பழைய வேலி விழுந்துவிட்டது. எல்லை எது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடி உள்ளே வந்து புது வேலி போடுகிறார். (வாசகர், வத்தளை)

தூண் இறுகுவதற்கு முன் பேசுங்கள். உறுதியோடு இருக்கிற நில அளவைப் படத்தை எடுத்து, அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள், செலவை இரண்டு வீடும் பிரித்துக்கொள்ளலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். காலாவதிச் சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மற்றவர் எதிர்ப்பில்லாமல் பத்து வருஷம் தனதாகவே ஆண்டுவிட்டால் அந்த ஒரு அடியை அவர் உரிமை கோர வழி உண்டு, அதனால் போகட்டும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பேசியும் சரிவராவிட்டால் வழக்கறிஞரிடம் ஓடுவதற்கு முன் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள், இப்படியான எல்லைத் தகராறுகள் அங்கே நிறையவே வரும். கொண்டுபோக வேண்டியது உறுதியின் பிரதி, அளவைப் படம், பழைய தூண் நின்ற குழிகளின் படம். குழிகளை மூடுவதற்கு முன் இன்றைக்கே கைபேசியில் எடுத்துவிடுங்கள்.